நான்காவது பெயருக்கு எதிரே

உட்கார்ந்த இடத்திலெல்லாம் இன்பராணி தூங்கிவிடுவாள் என்று அவள் கணவர் பெலிக்ஸ் சொல்லிச் சிரிப்பார். அது உண்மையில்லை. பஸ்ஸில் அவளுக்குத் தூக்கம் வராது. முனிர்கா நிறுத்தம் தவறிவிடும் என்ற பயம். கோவிலில் வராது, பாஸ்டரின் கண் நேராக இவள் மேல்தான் விழும். வீட்டில் வரும். ஆனால் நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் படுத்தால், முனிர்காவின் அந்த ஒற்றைச் சந்தில் சிலிண்டர் வண்டியும் காய்கறி வண்டியும் மாறி மாறிக் கூவும். மேல்மாடியில் பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் நாற்காலியை இழுப்பார்கள். போன் அடிக்கும். வார்டில் ஆள் குறைவு, இன்றைக்கும் வர முடியுமா சிஸ்டர் என்பார்கள்.

அவள் நிம்மதியாகத் தூங்குகிற இடம் டெல்லியில் ஒன்றே ஒன்று. லோதி ரோடு காலனியில், தட்சிணாமூர்த்தி தன் மகளோடு இருக்கிற அரசாங்க குவார்ட்டர்ஸின் முன்னறை. அங்கே கூலருக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, அது அவளுடையது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் தட்சிணாமூர்த்தியின் மனைவி அவள் வார்டில்தான் இருந்தார். நாற்பது நாள். எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அவர் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்து வார்டு வாசலில் நின்றார். மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச வராமல், பையிலிருந்து டைப் அடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். சினிமா பார்த்துப் பேசுகிற சின்னக் கூட்டம், சௌகரியப்பட்டால் வரலாம் என்று அதில் இருந்தது. மரியாதைக்கு ஒரு முறை போய்விட்டு வரலாம் என்றுதான் இன்பராணி போனாள். படம் ஆரம்பித்து இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது யாரோ அவள் மேல் ஒரு சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். டம்ளரில் காபி மூடி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு மணி நேரமாக யாரும் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டு எழுப்பவில்லை. அடுத்த மாதமும் போனாள்.

அங்கே காட்டுவது ஒரே ஒருவருடைய படங்களைத்தான். எழுபது எண்பது வருடங்களுக்கு முன்னால் ஜப்பானில் குடும்பக் கதைகளாகவே எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர். ஆட்கள் தரையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். கல்யாணம் பேசுவார்கள். யாராவது ஊருக்குப் புறப்பட்டுப் போவார்கள். அடிதடி கிடையாது, கத்தல் கிடையாது. கேமராவும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மனமில்லாதது போல அசையாமல் இருக்கும். ஒரு சுற்று முடிந்தால் தட்சிணாமூர்த்தி மறுபடி முதல் படத்திலிருந்து ஆரம்பிப்பார். எல்லாப் படத்திலும் முதல் இருபது நிமிடம் இன்பராணிக்கு அத்துப்படி.

கூட்டம் என்று பெயர்தானே தவிர, இப்போது வருகிறவர்கள் நான்கு பேர். தட்சிணாமூர்த்தி, அவரோடு அதே அமைச்சகத்தில் வேலை பார்த்த வாசுதேவன், குர்காவ்னில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த ஷ்வேதா, நான்காவது இன்பராணி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மினிட்ஸ் உண்டு. யார் என்ன பேசினார்கள் என்று எண் போட்டு, திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பழைய அலுவலகத்தில் கூட்டத்துக்கு முந்தின நாளே மினிட்ஸை எழுதி வைப்பது வழக்கமாம். பெரிய அதிகாரிகள் என்ன சொல்வார்கள் என்பது முன்பே தெரியும். மறுநாள் அவர்கள் வந்து டீ குடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பழக்கம் தட்சிணாமூர்த்தியை விடவில்லை. சனிக்கிழமையே எழுதி முடித்துவிடுவார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது.

இந்த முறை தெரிந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம், அழைப்பை அனுப்புவதற்குப் பதில் கை தவறி அந்தத் தாளை அனுப்பிவிட்டார். டியூட்டிக்கு வந்து உடை மாற்றிக்கொண்டிருந்த இன்பராணி, லாக்கர் முன்னால் நின்றபடியே அதைப் படித்தாள்.

ஒன்று, வாசுதேவன்: கேமரா தாழ்வாக இருப்பதன் தத்துவம் பற்றி விரிவாகப் பேசினார். இரண்டு, ஷ்வேதா: படம் மெதுவாகப் போனாலும் பிடித்திருந்தது என்றார். மூன்று, தட்சிணாமூர்த்தி: பற்றின்மை பற்றிச் சொல்லித் தொகுத்து முடித்தார். நான்கு, இன்பராணி: உறங்கினார். கருத்து இல்லை.

வாசுதேவன் உடனே பதில் போட்டிருந்தார். ‘ஓய், நாளைக்கு நான் வரணுமா? அதான் பேசிட்டேன் போலிருக்கே.’ ஷ்வேதா சிரிக்கிற முகங்களை வரிசையாக அனுப்பியிருந்தாள். நான்காவது வரியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, உண்மைதானே. ஆனால் இன்பராணிக்கு என்னவோ போலிருந்தது. சால்வை போர்த்தியபோது அதை யாரும் எழுதிவைக்கிறார்கள் என்று அவள் நினைத்ததில்லை. நாளைக்குப் போய்த் தூங்கினால் எழுதி வைத்ததற்குத் தூங்கியது போலாகும். போகாமலே இருந்துவிட்டால் அந்த நாற்காலியும் போயிற்று. ராத்திரி வார்டில் நடந்துகொண்டே இதை யோசித்தாள். விடியுமுன் ஒரு கேஸ் இறந்துபோனது. அதற்குப் பிறகு யோசிக்க நேரமில்லை.

காலையில் லோதி ரோட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் ஏறினாள். அங்கே போய்க் குழாயடியில் முகம் கழுவி, பிரம்பு நாற்காலியை விட்டுவிட்டுக் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சிஸ்டர், உங்க சிம்மாசனம் காலியா இருக்கே” என்றார் வாசுதேவன்.

“இன்னைக்கு இது போதும் சார்.”

தட்சிணாமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது வெறும் டிராஃப்ட் என்று டி.வி.யிடம் சொல்வது போல முனகிவிட்டு, படத்தைப் போட்டார்.

இருபதாவது நிமிடத்தில் வழக்கம் போல இமை கனத்தது. சலைன் சொட்டை எண்ணுவது போல, படத்தில் யார் எத்தனை முறை குனிந்து வணங்குகிறார்கள் என்று எண்ணினாள். கட்டைவிரலில் நகத்தை அழுத்திக்கொண்டாள். அப்படியே ஒரு மணி நேரம் தாண்டியது. இதுவரை தான் பார்த்திராத ஒரு வீட்டுக்குள் அவள் வந்து சேர்ந்திருந்தாள். அக்காவின் நோய்ப்படுக்கைக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காக இருக்கிற தங்கை. அக்கா இறந்துபோகிறாள். கூடத்தில் உறவுக்காரர்கள் அழுகிறார்கள். தங்கை அழவில்லை. படுக்கையை மடித்து அலமாரியில் வைக்கிறாள். சமையலறைக்குப் போய், நின்றபடியே ஒரு கிண்ணம் தண்ணீர் குடிக்கிறாள். இன்னொரு கிண்ணம் மொண்டு அதையும் குடிக்கிறாள். படம் முடிந்துவிட்டது.

பேச்சு தொடங்கியது. வாசுதேவன் வேறு ஏதாவது பேச வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். இரண்டாவது நிமிடத்தில் கேமரா தரைக்கு வந்துவிட்டது, அவரே சிரித்துவிட்டார். ஷ்வேதா தடுமாறிவிட்டு, “என்ன பண்றது அங்கிள், ஸ்லோதான். பட் அச்சா லகா, பிடிச்சிருந்தது” என்றாள். தட்சிணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அந்தத் தங்கையின் முகத்தைப் பற்றிச் சொன்னார். அழாத முகம். உறவு, சாவு எல்லாவற்றையும் கடந்து நிற்கிற ஒரு பற்றின்மை. தண்ணீர் குடிப்பதுகூட அதன் அடையாளம் என்றார். பேனாவை மூடினார்.

“அது பற்றின்மை இல்ல சார்” என்றாள் இன்பராணி.

மூன்று பேரும் திரும்பினார்கள். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் காபி வேண்டும், வேண்டாம் என்பதைத் தவிர அவள் ஒன்றும் பேசியதில்லை.

“அவளுக்குத் தாகம். காலையிலேருந்து தண்ணி குடிக்க நேரம் கெடச்சிருக்காது. அந்த வேலையில இருக்கும்போது தாகமே தெரியாது சார். எல்லாம் முடிஞ்ச பெறகுதான் தெரியும். அழணும்னாலும் கொஞ்சம் தெம்பு வேணும்லா.”

இன்பராணி தட்சிணாமூர்த்தியைப் பார்த்தாள். சொல்ல நினைத்து வந்ததல்ல, தானாக வந்தது.

“ஒங்க வீட்டம்மா போன அன்னைக்கு நானும் அப்படித்தான் நின்னு குடிச்சேன். ரெண்டு டம்ளர். நீங்க வாசல்ல நின்னு பாத்திய.”

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். “பார்த்தேன்” என்றார். பிறகு, “இவளுக்கு எப்படித்தான் தண்ணி எறங்கறதோன்னு நெனச்சேன் அன்னிக்கு” என்றார்.

“நெனப்பியன்னு தெரியும் சார்.”

ஷ்வேதா எழுந்து போய்க் காபி கொண்டுவந்தாள். கிளம்பும்போது இன்பராணிக்குக் கால் ரெண்டும் மரத்துப்போயிருந்தது. விழித்திருப்பதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒரு சலிப்பு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. வீட்டில் பெலிக்ஸ், “இன்னைக்கு என்ன படம்?” என்று சிரித்தபடி கேட்டார். அவள் போய்ப் படுத்தாள். சிலிண்டர் வண்டி வந்தது.

திங்கட்கிழமை மினிட்ஸ் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அப்படி ஆனதே இல்லை. தான் பேசியதால்தான் என்று இன்பராணி முடிவு கட்டிக்கொண்டாள். இனி அழைப்பும் வராது.

புதன்கிழமை காலை டியூட்டி முடித்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது தட்சிணாமூர்த்தியிடமிருந்து போன் வந்தது. முதல் மூன்று பேருக்கும் சனிக்கிழமை எழுதியதே சரியாகப் பொருந்திவிட்டது, மாற்ற ஒன்றுமில்லை என்றார். நான்காவது பெயருக்கு எதிரேதான் நிற்கிறது. நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்துவிட்டாராம். எழுதினால் ஆபீஸ் நோட் மாதிரி ஆகிவிடுகிறது.

“நீங்களே சொல்லுங்கோ. நீங்க சொல்றபடி எழுதிக்கறேன்.”

பஸ் ஒரு சிக்னலில் நின்றிருந்தது. இன்பராணி வெளியே பார்த்தாள். அன்றைக்குச் சொன்னதையெல்லாம் இன்னொரு முறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

“முழிச்சிருந்தாள்னு மட்டும் போடுங்க சார். அது போதும்.”

மறுமுனையில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

“சார்.”

“சொல்லுங்கோ.”

“அடுத்த மாசம் நான் தூங்கலாமா?”

“தாராளமா தூங்குங்கோ” என்றார் தட்சிணாமூர்த்தி. “முன்கூட்டி எதையும் எழுதலை.”

போனைப் பையில் போட்டாள். முனிர்காவுக்கு இன்னும் நான்கு நிறுத்தம். கண் எரிந்தது. இரண்டாவது ஞாயிறுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணியபடி, நிறுத்தம் தவறிவிடாமல் விழித்துக்கொண்டே போனாள்.