சந்தேகக் காய்

ஒச்சம்மாள் இறந்த செய்தி கைபேசியில் வந்தது. அல்லிநகரத்துப் பட்டறையில் ஒரு புது விளக்கைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கம்பத்திலிருந்து ஏலக்காய் வியாபாரி அசன் ராவுத்தர் பேசினார்.

"தம்பி, நம்ம ஒச்சம்மா போயிருச்சுப்பா. நெஞ்சு வலிக்குதுன்னுச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. சனிக்கெழம வரைக்கும் காய் பொறுக்குச்சு. கண்ணாடிகூடப் போடல."

கடைசி வாக்கியத்தை அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கிட்டங்கியில் ஒச்சம்மாக்காவோடு வேலை பார்த்த உங்களில் பலருக்குத் தெரியாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிறந்தது வருசநாடு. வாழ்க்கைப்பட்டது லோயர் கேம்ப். தினமும் பஸ்ஸில் கம்பம் வருவார். ராவுத்தரின் சரக்குக் கிட்டங்கியில் பெண்கள் ஏலக்காயை நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். பச்சை ஒரு தட்டு. வெளுத்ததும் மஞ்சள் பாய்ந்ததும் வேறு தட்டு. முதல் தரம் மட்டும் கடைசியாக ஒச்சம்மாக்காவின் கைக்குப் போகும். அவர் தட்டை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அவர் எடுத்திருந்த பெயர் அதுதான். வேறு சொத்து இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட வருடங்கள். மதுரையில் இயற்பியல் முடித்துவிட்டு, பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்குகள் செய்யத் தொடங்கியிருந்தேன். அப்போது எனக்குக் கிடைத்த வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தூக்கலாக இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து என் வெள்ளையை நானே செய்தேன். பெருமை. நிறையப் பெருமை. அந்த விளக்கைக் கிட்டங்கி மேசைக்கு மேல் தொங்கவிட்டதும் ஒவ்வொரு காய்க்கும் மூன்று நிழல் விழுந்தது. மூன்றும் மூன்று நிறம்.

"ஆத்தாடி, தேருக்குச் செஞ்ச லைட்ட இங்கன கொண்டாந்துட்டீகளா தம்பி?" என்றார் ஒச்சம்மாக்கா. "மொதலாளி, ஒத்தக் காய்க்கு மூணு நெழலு. எத எடை போடுவீக?"

மேசை முழுக்கச் சிரிப்பு.

அடுத்த வாரம் விளக்கின் பெட்டியை ஆழமாக்கினேன். உள்ளே வெள்ளை அடித்து, வாயில் பால்நிறத் தகடு வைத்தேன். மூன்று வெளிச்சமும் உள்ளேயே கலந்து ஒன்றாக இறங்கின. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. காய்கள் அவ்வளவு பச்சையாக இருந்தன. எல்லோருக்கும் திருப்தி.

மூன்றாம் வாரம் சரக்கு வாங்கியவர் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். முதல் தரத்தில் மஞ்சள் காய்.

ராவுத்தர் நல்ல மனிதர். ஆனால் அன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "ஒச்சம்மா, ஒனக்குக் கண்ணு போச்சு. நாளைல இருந்து வீட்டுல இரு."

நானும் அங்கே நின்றேன். ஒச்சம்மாக்கா விளக்கை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னை.

"தம்பி, லைட்டு சரியாத்தான இருக்கு?"

தாளை எடுத்து விளக்கின் கீழ் பிடித்தேன். "வெள்ளையாத்தான் இருக்குக்கா."

அவர் எழுந்து, மடியில் ஒட்டியிருந்த காய்த்தோலை உதறிவிட்டுப் போனார்.

மறுநாள் வந்தார். மற்றப் பெண்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம். எங்கள் தவறு நாலு பேர் முன்னால் தெரிய வேண்டாம் என்று அந்த நேரத்தை அவரே தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

"கூலி வேணாம் மொதலாளி. ஒரு தட்டுக் காய் மட்டும் தாங்க."

விளக்கின் கீழ் உட்கார்ந்து, பச்சை என்று இருபது காய் பொறுக்கினார். தட்டை வாசலுக்குக் கொண்டுபோனார். ராவுத்தரும் நானும் பின்னால் போனோம். வெயில் விழாத வாசல் வெளிச்சத்தில் ஏழு காய் மஞ்சள். உள்ளே கொண்டுவந்தார். இருபதும் பச்சை. மறுபடி வாசல். அதே ஏழு.

"பேப்பர் வெள்ளையாத்தான் இருக்கு தம்பி. நாம பேப்பரையா விக்கிறோம்?"

ராவுத்தர் தட்டை வாங்கித் தானும் ஒருமுறை உள்ளே போய் வந்தார். "நாளைக்கு வந்துரு" என்றார். முந்தின நாள் சொன்னது கிட்டங்கி முழுக்கக் கேட்டது. இது வாசலில், எங்கள் இருவருக்கு மட்டும்.

பகல் வெளிச்சத்தில் நிறங்கள் இடைவெளியில்லாமல் இருக்கின்றன. என் விளக்கில் மூன்றே துண்டுகள். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே பள்ளம். காயின் மஞ்சள் தெரியவேண்டிய இடம் அந்தப் பள்ளம்தான். வெள்ளைத் தாளுக்கு மூன்று துண்டு போதும். காய்க்குப் போதாது. இது பாடத்தில் இருந்தது. படித்திருந்தேன்.

சிக்னல் மஞ்சளைப் போன்ற நான்காவது நிறம் ஒன்றைச் சேர்த்தேன். வாசலை ஒட்டி மேசை. ஒரு தட்டு பகல் வெளிச்சத்தில், ஒரு தட்டு விளக்கு வெளிச்சத்தில். ஒவ்வொரு நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் குமிழை நான் திருக, அவர் பார்ப்பார். சோதிக்க நல்ல காய்களாக எடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார்.

"நல்ல காய் எந்த வெளிச்சத்துலயும் நல்லாத்தான் இருக்கும். சந்தேகக் காயக் கொண்டாங்க."

பச்சை என்றும் மஞ்சள் என்றும் சட்டென்று சொல்ல முடியாத காய்கள். அவரே பொறுக்கி ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டுத் தந்தார்.

"பச்சையக் கொறைங்க. இன்னும். அய்யோ, காயக் கொன்னுட்டீக, ஏத்துங்க."

நான்கு நாள். நான்காம் நாள் தட்டுகளை இடம் மாற்றச் சொன்னார். மாற்றினேன். அதே காய்கள், அதே மஞ்சள்.

"இப்பத்தான் என்னைய மாதிரி இருக்கு."

"எப்படிக்கா?"

"மூஞ்சிக்கு நேரா சொல்லுதுல்ல."

அன்று பஸ் நிறுத்தத்தில் சொன்னேன். "அன்னைக்கு நான் அந்தத் தாளைக் காட்டியிருக்கக் கூடாது."

"காட்டுனா என்ன? வாசல் வரைக்கும் வந்தீகள்ல." பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே, "அடுத்த லைட்டுக்கு மொதல்லயே வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொரு விளக்கையும் அவர் பார்த்தார். ஏலக்காய் நாளாக நாளாக வெளுக்கும். பாட்டிலில் புதிய சந்தேகக் காய்களை அவரே நிரப்பித் தருவார்.

அவருக்குக் கண் மங்கியதால்தான் மூட்டை திரும்பியது என்று கிட்டங்கியில் இன்னும் நினைப்பவர்கள் உண்டு. ராவுத்தர் தன்னால் முடிந்ததைக் கண்ணாடி பற்றிய அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். என் பங்கு இது. தவறியது விளக்கு. அதைச் செய்தவன் நான். தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் தாளைக் காட்டியவனும் நான்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பாட்டில். பாதிக் காய்கள் வெளுக்கத் தொடங்கிவிட்டன.

செய்தி வந்த அன்று, பூட்டி முடித்த புது விளக்கின் கீழ் வெள்ளைத் தாளை வைத்தேன். வெள்ளையாக இருந்தது. பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.