மைதானத்தில் கழற்றிய செருப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, நானும் நண்பன் கரீமும் காலையில் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரி வளாகத்துக்குப் போவோம். யாரும் தடுக்க மாட்டார்கள். மைதானத்தில் நடை, வேப்பமரத்தடியில் வங்கித் தேர்வுக்குப் படிப்பு, பிறகு கேன்டீனில் மலிவாக உப்புமா. வீட்டில் எந்நேரமும் ரேடியோ அலறும். இங்கே காக்கைச் சத்தம் மட்டும்தான்.

மலை சுற்றியே பழகிய கால்கள் எனக்கு. நடை என்றாலே செருப்பைக் கழற்றி வேப்பமரத்தடியில் விட்டுவிடுவேன்.

"இது இன்னா கோயிலா? போட்டுக்கினு நட" என்று கரீம் சிரிப்பான்.

ஒருநாள் நடந்து முடித்து, கையிலிருந்த புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், சருகு மூடிக் கிடந்த செருப்பைக் காலால் துழாவினேன்.

"கால எட்றா" என்றான் கரீம். அவன் குரலில் சிரிப்பே இல்லாததால் சட்டென எடுத்துவிட்டேன். சருகுக்குள் ஏதோ அசைந்ததை அவன் பார்த்திருக்கிறான். குச்சியால் செருப்பைப் புரட்டியதும், வாருக்கு அடியிலிருந்து கருந்தேள் ஒன்று கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது.

இப்போதெல்லாம் மலை சுற்றும்போது மட்டும்தான் வெறுங்கால். எங்கே செருப்பைக் கழற்றினாலும், திரும்பப் போடும் முன் தரையில் தட்டிவிடுகிறேன். கரீமும் தொழுகை முடிந்து வந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தட்டுகிறான். ஏன் என்று கேட்பவர்களிடம், "என் ஃப்ரெண்டு ஒருத்தன் காலேஜ் கிரவுண்டையே கோயிலாக்கிட்டான். அவனால வந்த பழக்கம்" என்கிறானாம்.