தொட்டித் தண்ணீரில் ஒரு சுருக்

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் தையல் மெஷினை விற்க முடிவு செய்திருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வாங்குபவர் வருவதாகவும் சொல்லியிருந்தாராம்.

"கை போயிடுச்சுடி. விரல் நுனியில சுருக்கு சுருக்குன்னு குத்துது. நரம்புதான். இனிமே காலர் எல்லாம் என்னால திருப்ப முடியாது."

டாக்டர் விரல்களை அழுத்திப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றாராம். அதில்தான் அவளுக்குப் பயம் அதிகமானது.

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிச் சீருடை தைப்பவள். பெடலில் எப்போதும் வெறுங்கால்தான். செருப்பு போட்டால் மெஷின் பேசுவது காலுக்குக் கேட்காது என்பாள். விரல் முழுக்க ஊசி குத்திய புள்ளிகள். மெஷினுக்கு வலப்பக்கம் ஒரு மீன்தொட்டி, வீட்டைக் காலி செய்து போன வாடிக்கையாளர் கொடுத்தது. உள்ளே நாலு ஏஞ்சல் மீன்கள். பெரியதற்குப் பட்டன் என்று பெயர். காலையில் தொட்டிக் கண்ணாடியில் பாசி துடைத்துவிட்டுத்தான் தைக்க உட்காருவாள்.

மறுநாள் காலையும் துடைத்தாள். "ஸ்ஸ்" என்று கையை உதறினாள்.

"பார்த்தியா, ஆரம்பிச்சிடுச்சு."

"தண்ணியில கை வைக்கும்போதுதான் குத்துதா அத்தை?"

"எப்பவும்தான்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "இல்ல, காலையிலதான். அப்புறம் நாள் முழுக்க அதே நெனப்பு."

நான் கையை விட்டேன். ஒன்றுமில்லை. மாமாவும் விட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"மீன் கடிச்சிருக்கும்," என்றார் மாமா. லாரி மெக்கானிக். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார்.

"பட்டனுக்குப் பல்லே கிடையாது. சும்மா அதைச் சொல்லாதீங்க!"

கரண்டு பட்டால் விளக்கு எரியும் டெஸ்டரை மாமாவிடம் வாங்கி நுனியைத் தண்ணீரில் வைத்தேன். விளக்கு எரிந்தது.

மாமா தொட்டிக்காகத் தன் கையால் செய்த சுவிட்ச் பெட்டியில், குமிழி விடும் மோட்டாரை அணைத்தார். டெஸ்டர் எரிந்தது. லைட்டை அணைத்தார். எரிந்தது. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரையும் அணைத்தார். தொட்டியே இருட்டாகிக் குமிழி நின்றுபோன பிறகும் எரிந்தது.

"எல்லாத்தையும் அணைச்சாச்சே! அப்ப சுவத்துலேர்ந்து வருதா?" என்றாள் அத்தை.

"மருமகளே, நீ எந்தெந்த ஊர்த் தண்ணியெல்லாம் குடிச்சிட்டு வந்தியோ. உன் உடம்புலதான் கரண்டு இருக்குபோல," என்றார் மாமா.

எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. மணி ஒன்பதரை.

விடுதி விடுதியாகத் தங்கி, எந்தச் சுவிட்சையும் நம்பாத பழக்கம் எனக்கு. பிளக்குகளையே பிடுங்கினேன். மோட்டார் பிளக் வந்தது, டெஸ்டர் எரிந்தது. லைட் பிளக் வந்தது, எரிந்தது. ஹீட்டர் பிளக் வந்ததும் அணைந்துவிட்டது. திரும்பச் செருகினேன். சுவிட்ச் அணைந்தே இருந்தும் டெஸ்டர் எரிந்தது.

மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றித் திறந்தோம். சுவிட்ச் எல்லாம் கரண்டு வரும் கம்பியில் இல்லாமல், திரும்பிப் போகும் கம்பியில் இருந்தன.

"இதுல என்ன தப்பு? வண்டியில ஹாரன் சுவிட்ச் அந்தப் பக்கம்தான் இருக்கும். இதுவரைக்கும் எவனுக்கு ஷாக் அடிச்சுது?"

"இது லாரி இல்ல மாமா. நீங்க அணைச்சா ஹீட்டர் சூடாகாது, அவ்வளவுதான். கரண்டு உள்ளேயே நிக்கும்."

ஹீட்டரை வெளியே எடுத்தேன். அதன் கண்ணாடிக் குழாயில், பிடித்திருந்த ரப்பருக்கு அடியில், முடி அளவு விரிசல்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் குத்துச்சு?"

நான் அவள் காலைப் பார்த்தேன். ஈரத் தரையில் வெறுங்கால். நானும் மாமாவும் ரப்பர் செருப்பு; எங்கள் வழியாகக் கரண்டு தரைக்கு இறங்க முடியாது. போதாததற்கு அவள் விரலில் ஊசிக் காயம்.

எல்லாப் பிளக்கும் வெளியே கிடக்க, அத்தை மெதுவாகக் கையைத் தண்ணீரில் விட்டாள். எடுத்தாள். மறுபடி விட்டாள். பட்டன் வந்து விரலை முகர்ந்துவிட்டுப் போனது.

"ஒண்ணும் இல்லையேடி... நெஜமாவே ஒண்ணும் இல்லையே?" என்று என்னைக் கேட்டாள், கை என்னுடையது என்பதுபோல.

கதவைத் தட்டும் சத்தம். மெஷின் வாங்க வந்தவர்.

"கொஞ்சம் இருங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நூலைக் கோத்தாள். பாதியில் கிடந்த ஒரு காலரை எடுத்து, முனை மடங்காமல் ஒரே ஓட்டமாகத் தைத்து முடித்தாள். வந்தவர் தனக்காக ஓட்டிக் காட்டுகிறாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தார்.

"நல்லா ஓடுதேம்மா. எடுத்துக்கலாமா?"

"நல்லா ஓடுதுல்ல? அதான் குடுக்கல."

அவர் புரியாமல் மாமாவைப் பார்த்தார். மாமா திறந்த சுவிட்ச் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் சுவிட்ச் வெச்சும் வண்டியில ஹாரன் அடிக்குதே, அது எப்படி?" என்று அவரையே கேட்டார்.