விடுதலைப் பத்திரம்

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை என் விவாகரத்து ஒரு முத்திரைத்தாளிலேயே முடிந்திருந்தது. அரியமங்கலத்தில் பத்திரம் எழுதுபவரின் கடையில் இரு வீட்டுப் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, நானும் என் கணவரும் கையெழுத்துப் போட்டோம். மேலே 'விடுதலைப் பத்திரம்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதியிருந்ததை நானும் நம்பினேன். நோட்டரி முத்திரைகூட இருந்தது, வேறென்ன வேண்டும்?

பிறகு மூட்டெல்லாம் வீங்கி, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனது. முடக்குவாதம் என்றார்கள். மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை, இனி விலை கூடிய ஊசிதான் என்றார் டாக்டர். துணிக்கடை வேலையும் போயிற்று. அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கான மருத்துவ அட்டையில் கல்யாணம் ஆன மகளுக்கு இடமில்லை. ஆனால் விவாகரத்தாகி, வருமானம் இல்லாமல் அப்பாவோடு இருப்பவளைத் திரும்பச் சேர்ப்பார்கள். ஊசியும் கிடைக்கும். இன்று இதை எழுதும் அளவுக்கு என் விரல்கள் மடங்குவது அந்த ஊசியால்தான்.

பத்திரத்தோடு அப்பாவும் நானும் அந்த அட்டை வழங்கும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகப் படித்தார்.

"சார், விடுதலைப் பத்திரம்னா வீடு, நிலத்துல பங்கை விட்டுக்குடுக்க எழுதறதுங்க. பொண்டாட்டிய இதுல விடுதலை பண்ண முடியாது. கோர்ட்டு தீர்ப்பு வேணும்."

"பெரியவங்க எல்லாம் இருந்து தீர்த்து வெச்சதும்மா" என்றார் அப்பா.

"சட்டப்படி இவங்க இன்னும் அவர் சம்சாரந்தான் சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் துறையூரில் இன்னொருத்தியோடு சௌக்கியமாகக் குடும்பம் நடத்துகிறார். நான் இங்கே விரல் மடங்காமல் அவருடைய சம்சாரமாக நிற்கிறேன்.

பஸ்ஸில் அப்பா மெல்லச் சொன்னார். "கோர்ட்டுக்குப் போனா ஊர் சிரிக்கும்மா. நான் மறுபடி வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். ஊசிக்குப் பாத்துக்கலாம்."

எழுபதைத் தாண்டியவர். எல்லையில் குண்டுக்குப் பயப்படாத மனிதர், எதிர்வீட்டுக்காரரின் சிரிப்புக்குப் பயந்தார்.

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும்ப்பா. நான் நாளைக்கே வக்கீலைப் பார்க்கறேன்" என்றேன்.

ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பியதும் கணவர் சம்மதித்துவிட்டார். இருவரும் சேர்ந்து மனுப் போட்டோம். வாய்தா வந்த நாட்களில் வீங்கிய காலோடு திருச்சி கோர்ட்டின் மாடிப்படி ஏறினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அப்பா துணைக்கு வருவார், ஆனால் உள்ளே வரமாட்டார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வராந்தாத் தூணை ஒட்டியே நிற்பார்.

கடைசி நாளன்று நீதிபதி அம்மா கனிவாகத்தான் கேட்டார். "நல்லா யோசிச்சீங்களா? சேர்ந்து வாழ வழியே இல்லையா?"

"யோசிச்சுட்டேங்கம்மா. இவருக்குப் பொண்டாட்டியா இருந்தா எனக்கு வைத்தியம் இல்ல. எங்கப்பாவுக்குப் பொண்ணா இருந்தாத்தான் இருக்கு. என்னை அவர்கிட்டயே குடுத்துடுங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும். வராந்தா வரை கேட்டிருக்கிறது. யாரும் கூப்பிடாமலே அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அத்தனை பேருக்கும் நடுவில் உள்ளே வந்தார்.

"நான்தாங்கம்மா இவ அப்பா" என்றார்.