மோட்டார் மாமாவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் போனேன். உள்ளே பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை… காமிக்ஸ் விழா!

காமிக்ஸ் விழாவுக்கு எதற்குப் பட்டுப்புடவை என்கிறீர்களா? மண்டபம் என்று காதில் விழுந்தாலே எங்கள் ஊர்ப் பெண்களின் கை தானாகப் பீரோவைத் திறந்துவிடும். நான் மட்டும் இல்லை. எனக்கு முன்னால் போன ஒரு பெரியவர், வரவேற்பு மேஜையில் கொடுத்த ஸ்டிக்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சந்தனம் எங்கம்மா?" என்று விசாரித்தார். மேஜையில் உட்கார்ந்திருந்த, தலைமுடிக்கு நீலச் சாயம் அடித்த பெண் ரொம்ப நல்லவள். இன்னொரு ஸ்டிக்கர் கொடுத்து அனுப்பினாள்.

பெரிய பதிப்பகம் யாரும் வராத விழா இது. தானே கதை யோசித்து, தானே படம் வரைந்து, தானே அச்சடித்துக் கொண்டுவந்து விற்பவர்கள்தான் வந்திருந்தார்கள். பாதிப் பேர் வெப்காமிக்ஸ்காரர்கள். அதாவது பேப்பரே கிடையாது. போனில் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியதுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில்தான் ஸ்டால்கள். பந்தி மேஜைகளில் இலை போடும் இடத்தில் புத்தகங்களைப் பரப்பியிருந்தார்கள். சென்னைக்காரர் ஒருவர் அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட பேயை வரைந்திருந்தார். பாண்டிச்சேரி நர்ஸ் ஒருவர் தன்னுடைய வார்டு அனுபவங்களை. குடவாசல்காரர் ஒருவர், நெல் மூட்டைகளோடு கொள்முதல் நிலைய வரிசையில் காத்திருக்கும் விவசாயியை விண்வெளி வீரராக்கி, ராக்கெட் இன்னும் கிளம்பவில்லை என்று முடித்திருந்தார். நின்ற இடத்திலேயே சிரித்தேன்.

இதெல்லாம் சென்னையில் நடக்கும், பெங்களூரில் நடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே… நம் ஊரிலும் நடந்துவிட்டது! அதுவும் நிற்க இடமில்லாத கூட்டத்தோடு.

நான் போனதற்குக் காரணம் வேறு. என் அண்ணன் மகள் ரெஜினாவுக்கு அங்கே ஒரு ஸ்டால்.

அண்ணன் பெயர் அருளப்பன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் நெல் விவசாயம். அண்ணி இறந்த பிறகு அப்பாவும் மகளும் மட்டும்தான் வீட்டில். ரெஜினா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் விளம்பரங்கள் டிசைன் செய்கிறாள். அண்ணனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்… என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் ரகசியமாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. 'மோட்டார் ரூம்' என்று ஒரு வெப்காமிக் வரைகிறாள். வாரம் ஒரு கதை. நம் பக்கத்து வயல்களில் பம்புசெட்டுக்குக் கட்டியிருப்பார்களே ஒரு சின்ன அறை, அதுதான் இடம். அதில் உட்கார்ந்துகொண்டு உலகத்தையே அதட்டும் மோட்டார் மாமாதான் ஹீரோ. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையா? மடையில் நின்றுகொண்டு தண்ணீரையே திட்டுவார். "மேட்டூர்லேர்ந்து கல்லணை வரைக்கும் ஒழுங்கா வந்தல்ல? இங்க வர்றதுக்கு மட்டும் என்ன வெக்கம்?"

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பக்கத்து ஆட்கள் அதைப் படித்துவிட்டு, எங்க மாமா மாதிரியே இருக்கார் என்று எழுதுகிறார்கள். அவர்கள் மாமா எப்படியோ, எனக்குத் தெரியாது. அந்தத் தொந்தி, அந்த அதட்டல், தோளில் கிடக்கும் அந்தத் துண்டு… எல்லாம் என் அண்ணன்தான்.

ரெஜினா வைத்துக்கொண்ட புனைபெயர் 'வயல் நண்டு'. வரப்பில் ஓட்டை போட்டுத் தண்ணீரைக் கசியவிடும் நண்டை எந்த விவசாயிக்காவது பிடிக்குமா? தன் வேலைக்குப் பொருத்தமான பெயர் என்று அவளே சூட்டிக்கொண்டாள். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்.

வேடிக்கை என்னவென்றால், அண்ணனே அதற்கு வாசகர்! வாராவாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் அதைப் போடுவது அவர்தான். கூடவே ஒரு வரி: 'அச்சு அசல் நம்ம கோவிந்தராஜ்!' கோவிந்தராஜ் என்பவர் பக்கத்து வயல்காரர். அவரோ டீக்கடையில் அதே படத்தைக் காட்டி, "அருளப்பன அப்படியே உரிச்சு வச்சிருக்கான் பாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பாராம்.

விழாவில் ரெஜினாவின் ஸ்டாலுக்கு 'வயல் நண்டு' என்று மட்டும்தான் பெயர்ப்பலகை. முகம் தெரியக்கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டதால், அட்டையில் நண்டு முகமூடி ஒன்று செய்து கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நீளமான வரிசை. நான் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அப்போதுதான் விழா நடத்தும் தம்பி ஓடிவந்தார். முகமெல்லாம் வியர்வை.

"மேம், கொஞ்சம் வெளில வர்றீங்களா? வாசல்ல யாரோ ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காங்க…"

எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ், பிளஸ் டூ பாஸானால் ஃப்ளெக்ஸ். வெளிநாடு போனால் ஒன்று, லீவில் வந்தால் ஒன்று. இதில் என்ன ஆச்சரியம் என்று போய்ப் பார்த்தேன்.

பார்த்தால்… ரெஜினா! ஆளுயரத்துக்கும் மேலே! ஏதோ ஒரு கல்யாண வரவேற்பில் பன்னீர்ச்செம்போடு நின்றபோது எடுத்த போட்டோ. தலைக்கு மேலே, 'காமிக்ஸ் உலகின் விடிவெள்ளியே! மோட்டார் ரூம் தந்த வயல் நண்டே! எங்கள் வீட்டு ரெஜினாவே! வருக வருக!' இரண்டு ஓரத்திலும் சொந்தக்காரர்களின் தலைகள் வரிசையாக. என் தலையும் இருந்தது, ஆதார் கார்டு போட்டோவில். கீழே கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி அண்ணன். அவர் காலடியில் கொட்டை எழுத்தில்:

'இவண்: மோட்டார் மாமா (எ) அருளப்பன் மற்றும் உற்றார் உறவினர்.'

உள்ளே அவள் முகமூடி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே முகத்தைப் பார்க்காமல் யாரும் மண்டபத்துக்குள் நுழையவே முடியாது!

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ரெஜினாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. முகமூடியைக் கழற்றினாள்.

"அத்தை, அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சா என்னடி? கோவமா இருக்குற மனுசனா ஃப்ளெக்ஸ் அடிப்பாரு?"

"அது இல்ல அத்தை. மோட்டார் மாமா யாருன்னு தெரிஞ்சுதான் படிக்கிறாருன்னா… அந்த மழைக் கதையையும் அப்படித்தானே படிச்சிருப்பாரு?"

எனக்கும் சிரிப்பு நின்றுபோனது.

அந்த மழைக் கதையில் ஒரு வசனம்கூடக் கிடையாது. மோட்டார் மாமாவின் மனைவி இறந்து சில நாள் ஆகியிருக்கிறது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவர் எழுந்து வயலுக்குப் போகிறார். கொட்டுகிற மழை, வயலெல்லாம் முழங்கால் தண்ணீர். அந்த மழையில் போய் மோட்டாரைப் போடுகிறார். தண்ணீர் வேண்டியா போடுவார்? அடுத்த படத்தில் அறைக்குள் குந்தியிருக்கிறார், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு. மோட்டார் இரைகிறது. கடைசிப் படத்தில் தூரத்தில் அந்த அறையும் மழையும் மட்டும்.

ரெஜினாவுக்கு மிக அதிகமாகக் கடிதம் வந்தது அதற்குத்தான். அண்ணன் குரூப்பில் போடாமல் விட்டதும் அது ஒன்றைத்தான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

"சிரிக்கிறதுக்காக அவர வரைஞ்சேன், அவரும் சிரிச்சாரு. ஆனா இது அவரோட சொந்தத் துக்கம் அத்தை. அத எடுத்து ஊருக்குக் காட்டிட்டேன். அவருக்கு மனசு கஷ்டமாயிருந்துச்சுன்னா இன்னையோட மோட்டார் ரூம நிறுத்திடுவேன். வரையவே மாட்டேன்."

சும்மா சொல்லவில்லை. அவள் சுபாவம் எனக்குத் தெரியும். செய்துவிடுவாள். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்த மழைக் கதைதான் இருந்தது. ஸ்டாலுக்குத் திரும்பியதுமே மிச்சப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். "வரிசையில நிக்கிறவங்களுக்கு என்னடி பதில் சொல்றது?" என்று கையைப் பிடித்துத் தடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

அண்ணன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இறங்கினார். பின்னால் கோவிந்தராஜ். அதற்குப் பின்னால் பாதித் தெரு. நேராக ஸ்டாலுக்கு வந்தார். மகள் முகத்தைப் பார்த்தார், புத்தகப் பெட்டியைப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்க வாங்க… எந்த ஊரு? பெங்களூரா! அவ்வளவு தூரத்துலேர்ந்தா? சாப்டீங்களா?"

மூக்கில் வளையம் போட்ட பையனிடம் சாப்பாடு பற்றி விசாரித்தவர் அந்த விழாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். பெட்டிக்குள் போன புத்தகங்களைத் தானே எடுத்து மறுபடி மேஜையில் அடுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மோட்டார் மாமா! நிஜ மோட்டார் மாமா!" செல்ஃபி எடுக்க ஒரே தள்ளுமுள்ளு. ஒரு பெண் மேட்டூர் வசனத்தைச் சொல்லச் சொன்னாள். அண்ணன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, "மேட்டூர்லேர்ந்து கல்லணை வரைக்கும் ஒழுங்கா வந்தல்ல?" என்று ஆரம்பித்தார் பாருங்கள்… சாப்பாட்டுக் கூடமே கைதட்டியது. லிஃப்ட் பேய்க்காரர் தன் ஸ்டாலை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்.

கோவிந்தராஜுக்குத்தான் பொறுக்கவில்லை. "அதுல பாதி வசனம் நான் பேசுனது தம்பி" என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடனும் நாலு பேர் செல்ஃபி எடுத்தார்கள். சமாதானமானார்.

கூட்டம் சற்றுக் குறைந்ததும் நான் கேட்டேன். "ஏண்ணே, எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"மொத வாரத்துலேர்ந்தே தெரியும் பாப்பா. சுவிட்ச் பெட்டிக்கு மேல மாதா படம் மாட்டுன மோட்டார் ரூம் நம்ம பக்கத்துல வேற எவன்கிட்ட இருக்கு? அத மாட்டுனதே இவ அம்மாதானே."

"அப்புறம் எதுக்குக் கோவிந்தராஜ், கோவிந்தராஜ்னு போட்டீங்க?"

"நான்தான்னு கண்டுக்கிட்டேன்னு வை… இவ கூச்சப்பட்டு நிறுத்திடுவா. அப்புறம் வாராவாரம் நான் எதப் பார்த்துச் சிரிக்கிறது?"

"இன்னைக்கு மட்டும் ஊருக்கே காட்டிட்டீங்களே?"

"விழாவுக்கு 'வயல் நண்டு' வருதுன்னு போன்ல வந்துச்சு. எம்பொண்ணு பேரக் காணும், மொகத்தையும் காணும். நல்லதச் செஞ்சுட்டு எதுக்கு ஒளிஞ்சிக்கணும்? அதான் அடிச்சிட்டேன்."

ரெஜினா தலை நிமிரவில்லை. அவள் பயந்த கேள்வியை யாரும் இன்னும் கேட்கவில்லை.

கேட்டது அந்தப் பாண்டிச்சேரி நர்ஸ். தன் ஸ்டாலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கங்களில் அவர் கை நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி அண்ணனிடம் நீட்டினார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க… இது உண்மையிலேயே நடந்ததா?"

ரெஜினா எழுந்து நின்றுவிட்டாள். அண்ணன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். ஒவ்வொரு படமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். போனில் பார்த்திருப்பார்தான். அச்சில் இப்போதுதான் பார்க்கிறார்.

"நடந்ததுதாம்மா. ஆனா இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

"அப்பா…"

"அன்னைக்குப் புயலடிச்சு ஊர்லயே கரண்ட் இல்லியே ரெஜி. மோட்டார் எங்கேர்ந்து ஓடும்? சும்மாதான் உக்காந்து அழுதேன். நீ கூட என்னச் சாப்பிடக் கூப்பிட வந்த. வாசல்ல நின்னுட்டு, சத்தமில்லாமத் திரும்பிப் போன. நான் பார்த்தேன். தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு மோட்டார ஓட விட்டு வரைஞ்ச?"

ரெஜினா அப்பா கையிலிருந்த பக்கத்தையே பார்த்தாள். "நீங்க அழுததுதான் எனக்குக் கேட்டுச்சேப்பா. வேற யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதான்…"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார். புத்தகத்தை மூடி மகள் கையில் கொடுத்தார்.

"நிறுத்திடாத, வரைஞ்சுக்கிட்டே இரு. அடுத்தவாட்டி அச்சுப் போடுறப்ப மட்டும் அந்த மோட்டார நிப்பாட்டிடு. ஒங்கம்மாவுக்காகத்தானே அழுதேன்… ஊருக்குக் கேட்டா கேக்கட்டும்."

அவர் என் அண்ணன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அதான், உங்களிடம் சொல்லிவிட்டேன்.