வயலில் இரண்டாவது பட்டறை

எங்கள் பக்கம் ஒரு குடும்பத்துக்கு ஒரு வெங்காயப் பட்டறைதான். கல் அடுக்கி, அதன்மேல் குச்சி பரப்பி, இரண்டு பக்கமும் வலை கட்டி, காய்ந்த சின்ன வெங்காயத்தை அதன் இலைத் தாளோடு உள்ளே கொட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்து வைப்போம். காற்று புகுந்து வெளியேற வேண்டும் என்பதால் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கும். விலை ஏறும்வரை வெங்காயம் அதற்குள் கிடக்கும். ஒரே வயலில் இரண்டு பட்டறை தெரிந்தால், அந்த வீட்டில் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பாகம் பிரிக்க அண்ணன் தம்பி யாரும் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும்தான். இருந்தும் இரண்டாவது பட்டறை போட்டே தீருவேன் என்று நான் நின்றேன். காரணம் வருமான வரி. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகு எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள்.

எல்லாம் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியது. குரும்பலூர் போகும் வழியில், ரோட்டை ஒட்டி, லாரி வந்து திரும்பும் அளவுக்கு முன்னால் இடம் விட்டுக் கட்டியது. லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவருடையது. அவர் மகன் துபாயில் இருந்தார், கொட்டகையை விற்றுவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகையை நான் வாங்க வேண்டும். வயலில் உட்கார்ந்து மழைக்குப் பயந்துகொண்டே வியாபாரம் பார்த்தது போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வியாபாரம் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். வீட்டில் அதற்கு அந்தப் பெயர் இல்லை. அறுவடை சமயத்தில் உரக்கடை பாக்கி, பள்ளிக்கூட ஃபீஸ் என்று அவசரப்படுகிறவர்கள் விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது. அவர்களிடம் நான் வெங்காயம் வாங்குவேன். மாடு கறந்து ஊற்றிய பால் காசுதான் முதல். வாங்கியதை எங்கள் வெங்காயத்தோடு சேர்த்து ஒரே பட்டறையில் கொட்டிவிடுவோம். விலை வந்ததும் திருச்சி மண்டிக்குப் போகும். பணம் என் வீட்டுக்காரர் கணக்கில் விழும். எது எங்கள் வயலில் விளைந்தது, எது நான் வாங்கியது என்று வெங்காயத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை.

முதல்முறை கேட்டது பெரம்பலூரில் பேங்க் அதிகாரி. கொட்டகைக்குக் கடன் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம்.

"ரிட்டர்ன் ஏதாவது தாக்கல் பண்ணியிருக்கீங்களா?" என்றார்.

"வெங்காயத்துக்கு ஏது சார் வரி? எல்லாம் வெள்ளாம காசு," என்று என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"நல்லது. வரி இல்ல, சரி. கொட்டகை அம்மா பேர்ல வாங்கணும்ங்கறீங்க. அவங்க வருமானம்னு எதை வச்சு நான் கடன் குடுக்கறது? அம்மா என்ன தொழில் பண்றாங்க?"

"வூட்லதான் சார் இருக்காங்க."

அதிகாரி கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். இல்லத்தரசி என்று தட்டியிருப்பார். அன்று காலையில்தான் நான் வெயிலில் நின்று ஒரு வண்டி வெங்காயத்துக்கு விலை பேசிவிட்டு வந்திருந்தேன். கை கழுவியும் நாற்றம் போகவில்லை. அங்கேயே எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கடன் இல்லை என்று ஆனதும் எழுந்து வந்தோம். பஸ்ஸில் வரும்போது நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவர் வேர்க்கடலை வாங்கி நீட்டினார். நான் தொடவில்லை.

அடுத்த வாரம் தனியாகப் பெரம்பலூர் போய், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்த ஆடிட்டரைப் பார்த்தேன். என்னைவிட வயதில் சின்னவர், வேகமாகப் பேசுகிறவர். வரி சேமிப்புக்காக வருடாவருடம் மார்ச் மாதத்தில் ஒரு ஏஜெண்டிடம் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து வைத்திருந்தேன். அதையெல்லாம் பெருமையாக மேசையில் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அக்கா, ரிட்டர்னே போடல. வரியே கட்டல. அப்புறம் எந்த வரியச் சேமிச்சீங்க?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஏஜெண்ட் இப்போதும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். என்னைக் கண்டால் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவார்.

வெங்காயத்துக்கு வரி இல்லை என்பது பாதிதான் உண்மை என்று ஆடிட்டர் விளக்கினார். எங்கள் நிலத்தில் விளைந்ததை விற்றால் அது விவசாய வருமானம், வரி இல்லை. அடுத்தவர் வயலில் விளைந்ததை வாங்கி விற்றால் அது வியாபாரம், லாபம் வரிக் கணக்குக்கு வரும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "என்னைக்காவது நோட்டீஸ் வந்தா, உங்க வயல்ல எது விளைஞ்சதுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். முடியலைன்னா எல்லாத்தையும் வியாபாரம்னு எடுத்துப்பாங்க," என்றார்.

"பால் காசு விவசாயம்தானே?"

"இல்லக்கா."

"மாடு எங்க வயல்லதான் மேயுது."

"எங்க மேஞ்சாலும் பால் விக்கறது தனி வருமானம்தான்." அவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பால் காசு என் சொந்த முதல் என்பது நல்லது என்றார். கணவர் பணம் கொடுத்து மனைவி பெயரில் வியாபாரம் நடத்தினால், அந்த லாபம் கணவர் கணக்கிலேயே சேர்ந்துவிடுமாம். பெயரை மட்டும் மாற்றி எழுதி வரியைப் பிரிக்க முடியாது என்று கறாராகச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. பெயருக்கு ஓர் ஆளாக இருக்க நான் வரவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எனக்கென்று தனி வங்கிக் கணக்கு. வாங்கிய வெங்காயம் தனியாக இருக்க வேண்டும், தனியாக மண்டிக்குப் போக வேண்டும், பணம் என் கணக்கில் விழ வேண்டும். சின்ன வியாபாரிகளுக்குப் பெரிய கணக்கெழுத்து தேவையில்லை, மொத்த விற்பனையில் சட்டம் சொல்லும் பங்கை லாபமாகக் காட்டினால் போதும். அதை விடாமல் வருடாவருடம் தாக்கல் செய்ய வேண்டும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தனிக் கணக்குக்குத் தலையாட்டினார். தனிப் பட்டறை என்றதும் முகம் மாறியது.

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? புருசனும் பொண்டாட்டியும் பாகம் பிரிச்சுட்டாங்கம்பாங்க."

"சொல்லிட்டுப் போறாங்க."

"டவுன்ல ஒருத்தர் இருக்காரு. எல்லாத்தையும் வெள்ளாமன்னே எழுதிக் குடுத்துடுவாராம். இல்லாத நிலத்தையும் குத்தகைன்னு காட்டிக்கலாமாம்."

"காட்டுனா நீங்க பெரிய விவசாயி ஆயிடுவீங்க. நான் என்னா ஆவேன்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார். நானும் விடவில்லை. அந்தப் போகத்தில் ஆள் வைத்துக் கல் இறக்கி, வயலின் மறுகோடியில் என் பட்டறையைப் போட்டேன்.

அவர் பயந்தது சரிதான். கீற்று வேய்ந்த அன்று சாயங்காலமே பக்கத்து வயல்காரம்மா வந்துவிட்டார். "என்னா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார். இல்லை, வரி என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுநாள் டீக்கடையில் நான் கோர்ட்டுக்குப் போகப்போவதாகப் பேசிக்கொண்டார்களாம். என் அண்ணனே அரியலூரிலிருந்து பதறிப்போய் போன் பண்ணினான். "மாப்ள அடிச்சாரா?" என்று கேட்டான். வெங்காயத்தைப் பிரித்தேன், அவரைப் பிரியவில்லை என்று அவனுக்கு விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் டீக்கடைப் பக்கம் போவதையே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர் மானஸ்தர். ஆனால் அவர் மானத்துக்காக நான் வீட்டில் சும்மா இருக்கிறவளாகவே செத்துப்போக முடியாது.

அந்த வருடம் எதிர்பாராத சமயத்தில் மழை வந்தது. மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்ததும் ஓடினேன். என் பட்டறை பள்ளத்துப் பக்கம் இருந்தது, இடம் பார்த்துப் போடாமல் கோபத்தில் போட்டது. அடியில் தண்ணீர் ஏறினால் வெங்காயம் முழுக்க அழுகிவிடும். அவருடைய பட்டறை மேட்டில் இருந்தது, பாதிக்குமேல் காலியாகவும் இருந்தது. அள்ளி அதில் கொட்டிவிட்டால் வெங்காயம் பிழைக்கும். ஆனால் மறுபடி எல்லாம் ஒன்றாகிவிடும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே இருந்தார். மண்வெட்டியோடு என் பட்டறையைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். தன் பட்டறைமேல் கிடந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்து என்னுடையதன்மேல் போட்டிருந்தார்.

"அள்ளி அங்க கொட்டிடலாமா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"கொட்டிட்டு? அடுத்த வருசம் மொதல்லேருந்து ஆரம்பிப்பியா? அந்த முனையப் புடி."

பிடித்தேன். மழையில் அழுதால் தெரியாது என்பார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. ஓரத்தில் கொஞ்சம் அழுகிப்போனது, மீதி நின்றது.

அந்த வருடம் என் முதல் ரிட்டர்னைத் தாக்கல் செய்தேன். இவ்வளவு சண்டைக்கும் பிறகு, கட்ட வேண்டிய வரி ஒன்றுமே இல்லை என்றார் ஆடிட்டர். பால் காசும் வெங்காய லாபமும் சேர்ந்தும் வரம்புக்குள்ளேயே இருந்தன. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்கா ஊரு சிரிச்சுது?" என்றார். வரி இல்லாவிட்டாலும் தாக்கல் முக்கியம் என்று நான் அவருக்குச் சொன்னேன். ஆடிட்டர் குரலிலேயே சொன்னேன் என்று இன்றும் கிண்டல் செய்வார்.

அதற்கிடையில் கொட்டகை கைநழுவிப் போகாமல் பார்க்க வேண்டியிருந்தது. பாயிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கடன் கிடைக்கக் குறைந்தது இன்னும் இரண்டு ரிட்டர்ன் வேண்டும், அதுவரை வாடகைக்குக் கொடுங்கள் என்றேன். "மவன் விக்கச் சொல்லி போன் மேல போன் பண்றாம்மா. நான் தள்ளிப் போடறேன். இன்ஷா அல்லாஹ், நீயே எடுத்துப்ப," என்றார். வாடகை பேசி, என் வெங்காயம் பட்டறையிலிருந்து கொட்டகைக்கு மாறியது. ஒவ்வொரு முறை மகன் ஊருக்கு வரும்போதும் நான் பாய் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வருவேன். பாய் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். வியாபாரம் நடக்கிற இடம் என்று காட்ட எனக்கு ஒரு முகவரியும் கிடைத்தது. மண்டிக்காரர்கள் என் பெயரைச் சொல்லி லாரி அனுப்பத் தொடங்கினார்கள்.

மூன்றாவது ரிட்டர்னில் முதல்முறையாக வரி வந்தது. பெரிய தொகை இல்லை. போனில் கட்டிவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்காசு போனதற்குச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருடம் பாயின் மகன் கொட்டகை விற்பனையை ஒரேயடியாக முடித்துவிடுவது என்று வந்திருந்தார். மாதக் கடைசிவரைதான் அவகாசம். நாங்கள் மறுபடி அதே பேங்குக்குப் போனோம். அதிகாரி வேறொருவர், இளைஞர். என் ரிட்டர்ன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டதில் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னார். மீதிக்கு மாடு ஒன்றை விற்கலாம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் விவரம் நிரப்ப ஆரம்பித்துவிட்டார். பெயர், ஊர், வயது. பிறகு, என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அம்மா என்ன பண்றாங்க சார்?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வெங்காய யாவாரம் சார். நான்தான் வூட்ல இருக்கேன்," என்றார்.