குரூப்புல போட்டேனே, ஆன்டி

நான் பிள்ளை பிடிக்கிறவள் என்ற செய்தியை என் கைப்பேசியிலேயே படித்தேன். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை அனுப்பியிருந்தாள். ஒரு மஞ்சள் வேனின் படம். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. 'இந்த வேன் ஒரு சிறுமியுடன் மாயம். பார்த்தால் உடனே பகிரவும்' என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே தங்கை கேட்டிருந்தாள்: "அக்கா, இது ஒங்க வேன் மாதிரியே இருக்கே?"

மாதிரி என்ன மாதிரி! என் வேன்தான். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நானே எடுத்த படம். மாயமான சிறுமியோ எனக்குப் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

கிள்ளானில் பல வருடம் பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆறவில்லை.

1. ஜன்னல்

ஆரம்பத்தில் எல்லாப் பேச்சும் வேன் ஜன்னலில்தான் நடந்தது. காலையில் பிள்ளையை ஏற்றிவிடும்போதே அம்மாக்காரி சொல்லிவிடுவாள். "ஆன்டி, மத்தியானம் நானே வந்து ஏத்திக்கிறேன். நீங்க வெயிட் பண்ண வேணாம்லா." நான் "சரிம்மா" என்பேன். அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நீல டிக் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

என் வேனில் இரண்டு சட்டம் உண்டு. ஓட்டும்போது கைப்பேசி டேஷ்போர்டு பெட்டிக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். வீட்டுக் கதவைத் திறந்து ஒரு பெரியவர் முகம் காட்டாமல் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டேன். இதைக் கேட்டுக்கொண்டுதான் எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

2. குரூப்

உலகமே குரூப் வைத்துக்கொண்டபோது எங்களுக்கும் ஒன்று வந்தது. தொடங்கியவள் ஷாமளா. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் வேலை. தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய்வருவாள். மகள் தர்ஷினி அப்போது ஒன்றாம் ஆண்டு.

"இனிமே எல்லாம் குரூப்லயே சொல்லிடலாம் ஆன்டி. ஈசிலா."

யாருக்கு ஈசி? விடிந்தால் ரோஜாப் பூவோடு குட் மார்னிங். வெள்ளிக்கிழமையானால் அம்மன் படம். ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் ஆளாளுக்கு ஒரு கேக். நடுவில் ஒருத்தி முறுக்குக்கு ஆர்டர் எடுப்பாள். இத்தனைக்கும் இடையில் எங்கேயோ, 'கவினுக்குக் காய்ச்சல், இன்னிக்கு வரமாட்டான்' என்று ஒரு வரி கிடக்கும். அது தெரியாமல் நான் அவன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "குரூப்புல போட்டேனே ஆன்டி, பாக்கலியா?" என்பார்கள்.

"வண்டி ஓட்டிக்கிட்டு எப்படிம்மா பாக்கறது?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

மாடியில் மனைவி பக்கத்தில் நின்ற கவினின் அப்பா, "சிக்னல்ல நிக்கிறப்ப பாக்கலாம்ல?" என்றார்.

வேன் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு! அவர் மகனும் அந்த வேனில்தான் வருகிறான்.

3. பூட்டிய கேட்

தீபாவளி நெருங்கிய சமயம். எங்கள் ஊர் லிட்டில் இந்தியா பக்கம் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தர்ஷினி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கேட்டில் பூட்டு தொங்கியது. வழக்கமாக அவள் தாத்தா வந்து திறப்பார். ஹாரன் அடித்தேன், இறங்கிக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. ஷாமளாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. சரி, குரூப்பைத்தான் பார்ப்போம் என்று திறந்தால், ஒரு புண்ணியவதி தீபாவளி சேலைகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தாள். விரலால் தள்ளத் தள்ளச் சேலை வந்துகொண்டே இருந்தது. வேனில் மற்ற பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

'பாப்பா என்கூட பத்திரமா இருக்கும்மா' என்று ஷாமளாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு, கைப்பேசியைப் பெட்டிக்குள் போட்டேன். மற்றவர்களை ஒவ்வொரு வீடாக இறக்கிவிடக் கிளம்பினேன்.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாத்தாவை அன்று கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். பிள்ளையை அவள் சித்தி வீட்டில் இறக்கிவிடும்படி ஷாமளா குரூப்பில் எழுதிவிட்டு மீட்டிங்குக்குள் போய்விட்டாள். அந்த வரி சேலைகளுக்கு மேலே எங்கேயோ கிடந்தது. சித்தி காத்திருந்து பார்த்துவிட்டு, பிள்ளை இன்னும் வரவில்லையே என்று குரூப்பில் கேட்டிருக்கிறாள். ஆன்டி ஏன் பதில் போடவில்லை என்றாள் ஒருத்தி. இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியாது என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான். நான் குரூப்பில் போட்டிருந்த ஆயுத பூஜைப் படத்தை யாரோ எடுத்து ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். கிள்ளானில் கிளம்பியது, நான் கடைசிப் பிள்ளையை இறக்குவதற்குள் சிங்கப்பூருக்குப் போய் என்னிடமே திரும்பி வந்துவிட்டது.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுக் கைப்பேசியை எடுத்து, தங்கையின் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் சித்தியின் போன் வந்தது. நேராக அவள் வீட்டுக்கு ஓட்டினேன். வாசலில் கூட்டம். முன்பின் தெரியாத ஓர் ஆள் ஜன்னலுக்குள் கையை விட்டு வேன் சாவியைப் பிடுங்கினான்.

"எறங்கு! போலீஸ் வரட்டும்!"

"பிள்ளைய முதல்ல எறக்க விடுங்க," என்றேன். தர்ஷினி இறங்கினாள். என் கையை விடவேயில்லை. "ஆன்டிய திட்டாதீங்க," என்று அழுதாள். அந்தக் கூட்டத்தில் நியாயம் பேசியது அவள் ஒருத்திதான்.

4. டிலீட்

ஒருவழியாகச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். சாயங்காலம் ஷாமளா என் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சாரி ஆன்டி. பயத்துல போட்டுட்டாங்க. எல்லாரையும் டிலீட் பண்ணச் சொல்லிட்டேன்."

"என்கிட்ட வந்து ஏம்மா அழுற? எங்க போட்டீங்களோ அங்கயே போடு. பூட்டுன வீட்டு வாசல்ல என் பிள்ளைய விட்டுட்டுப் போகாம ஆன்டி பத்திரமா வச்சிருந்தாங்கன்னு எழுது."

"கண்டிப்பா எழுதுறேன் ஆன்டி."

எழுதினாள். 'இஷ்யூ செட்டல்ட். பாப்பா பத்திரம். தேங்க்யூ ஆல்.' கடைசியில் ஒரு கும்பிடு. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. போன் பண்ணிக் கேட்டேன்.

"வேணாம் ஆன்டி. திரும்பக் கிளப்புனா பெரிசாயிடும். பேரன்ட்ஸ் மனசு கஷ்டப்படும்."

என் மனசு என்ன கல்லா? பழி சொல்ல ஊரே வேண்டியிருந்தது, மன்னிப்புக் கேட்க மட்டும் என் வீட்டு ஹால் போதுமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இவள் தன் பானையை மூடிவிட்டு எல்லாம் முடிந்தது என்றாள்.

மறுவாரமே சிலர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். "நெருப்பில்லாம பொகையுமா?" என்று பாசாரில் நான் காய்கறி வாங்கும்போது என் காதுபடவே பேசினார்கள். நிறுத்தியவர்களில் ஒருவர்கூட ஜன்னலுக்கு வந்து சொல்லவில்லை. எல்லாம் மெசேஜ்தான்.

நான் குரூப்பை விட்டு வெளியேறினேன். மிச்சமிருந்தவர்களிடம் ஜன்னலில் வைத்துச் சொன்னேன்: "ஏதாச்சும் மாத்தம்னா ஸ்கூல் விடுறதுக்கு முன்ன போன் பண்ணுங்க. நான் வாயால 'சரி'ன்னு சொன்னாத்தான் கணக்கு." ஓய்வு பெறும்வரை அப்படியேதான் ஓட்டினேன்.

புதிதாக வேன் எடுக்கும் தம்பி தங்கைகளே, அனுப்பியதெல்லாம் சொன்னதாகாது. அன்று ஷாமளா அனுப்பினாள், நானும்தான் அனுப்பினேன். இரண்டையும் யாரும் கேட்கவில்லை. எதிராளி 'சரி' என்று சொல்லிக் காதால் கேட்கும்வரை நீங்கள் எதையும் சொல்லவில்லை. அதுவரை பிள்ளையின் கையை விடாதீர்கள். யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

போன மாதம் எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் அந்தப் படம் மறுபடியும் வந்தது. இந்த முறை பினாங்கில் நடந்ததாம். சிறுமி இரண்டு சிறுமிகளாகியிருந்தாள். வேன் அதே வேன், மாலை அதே மாலை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்: 'இது என் வேன். பிள்ளை என்னோடுதான் இருந்தது. வீடு பூட்டியிருந்ததால் நான் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை.'

அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். எல்லாரும் பார்த்துவிட்டதாக நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே ஒரு ரோஜாப் பூ வந்தது. குட் மார்னிங்.